மேல்மாடிக்கு மஞ்சள் வேண்டாம்!

அப்பா: திற! கதவைத் திறன்னு சொல்றேன்ல!

மகள்: தட்டாதீங்கப்பா! கை ஆடுது. சீலிங் ஓரமா பெயிண்ட்ல கோடு பிடிச்சிட்டிருக்கேன்.

அப்பா: கோடு பிடிக்கறியா? கீழே கூட்டம் ரோடு வரைக்கும் நிக்குது! இன்னும் கொஞ்ச நேரத்துல ஷட்டரைத் தூக்கணும். புதுக் கடை மாதிரி மாத்தி இன்னிக்குத்தான் திறக்கறோம். ஓனர் பொண்ணு என்னடான்னா மேல்மாடியில ஸ்டாஃப் ரூமைப் பூட்டிக்கிட்டு...

மகள்: ஓனர் பொண்ணு இல்லப்பா. டிசைனர். வாசல் போர்டுல நீங்களே போட்டிருக்கீங்க.

அப்பா: போடத் தெரிஞ்சவனுக்கு அழிக்கவும் தெரியும்!

மகள்: அழிங்க. படிக்கட்டுப் பக்கத்துல தின்னர் டப்பா இருக்கு. துணி வேணுமா? துணிக்கடைதானே, நிறைய இருக்கும்.

அப்பா: பார்த்தியாடா... பார்த்தியா இவ பேசறதை!

சித்தப்பா: அண்ணா, கொஞ்சம் மெதுவா... கதவுக்கு இப்பதான் பாலிஷ் போட்டிருக்கு.

அப்பா: நீ என்ன, கதவுக்கு வக்கீலா? மாத்துச் சாவி எங்கே?

சித்தப்பா: அதான்... தேடிட்டிருக்கேன்.

அப்பா: கடைக்கே மேனேஜர். இடுப்புல இத்தனை பெரிய கொத்தைத் தொங்க விட்டுக்கிட்டு ஜல்ஜல்னு நடக்கறே. இந்த ஒரு ரூம் சாவி மட்டும் இல்லையா?

சித்தப்பா: இருந்துது அண்ணா. நேத்து வரைக்கும் இருந்துது.

மகள்: சித்தப்பா, குரல் ஒரு மாதிரியா இருக்கே. காலைல ஏதாவது சாப்பிட்டீங்களா?

சித்தப்பா: ஆச்சும்மா, ஆச்சு.

அப்பா: ரெண்டு பேரும் குசலம் விசாரிக்கற நேரமா இது! ஏய்... நேரா கேக்கறேன், நேரா பதில் சொல்லு. உள்ள என்ன கலர் அடிக்கறே?

மகள்: மஞ்சள் இல்ல.

அப்பா: மஞ்சள் இல்லைன்னா?

மகள்: மஞ்சள் இல்லைன்னா மஞ்சள் இல்ல. அவ்வளவுதான்.

அப்பா: அந்த ரூமுக்கு மஞ்சள்னு முடிவு பண்ணியாச்சு. கலர் கன்சல்டன்ட் எழுதிக் கொடுத்துட்டார். நான் சரின்னுட்டேன். பக்கெட்டும் வந்து இறங்கிடுச்சு.

மகள்: கோட்டு எழுதிக் கொடுத்தா வேதமா?

அப்பா: யாரு கோட்டு?

மகள்: இந்த வெயில்லயும் கோட்டைக் கழட்டாம வந்தாரே, அவர்தான். அன்னிக்கு உங்க ரூம்ல நானும்தானே இருந்தேன். "சார், கஸ்டமர் தளத்துக்கு மனசு அடங்கற கலர், ஸ்டாஃப் ரூமுக்கு மனசு அடங்காத கலர்"னார். பளிச்சுனு எலுமிச்சை மஞ்சள், தலைக்கு மேல வெள்ளை லைட். கண்ணு கூசும். தட்டுல கடைசி வாய் இருக்கும்போதே எழுந்து ஓடிடுவாங்கன்னார். நீங்க மேஜையைத் தட்டித் தட்டிச் சிரிச்சீங்க.

அப்பா: சிரிச்சேன். இப்பவும் சிரிப்பேன். சாப்பிடற ரூம்ல சாப்பிடணும். அரட்டைக்கும் தூக்கத்துக்கும் இடம் போட்டுக் கொடுக்க நான் என்ன லாட்ஜா நடத்தறேன்?

மகள்: காலைல வந்து நின்னா ராத்திரி கடை சாத்தற வரைக்கும் நிக்கறாங்கப்பா. நடுவுல அந்தக் கொஞ்ச நேரம். அதுலயும் சுவரை விட்டு விரட்டணுமா?

அப்பா: யாரும் விரட்டலையே. கலர்தானே அடிக்கறோம்.

மகள்: அதுதான் எனக்கு ஆத்திரம். கத்தினா எதுத்துக் கேப்பாங்க. கலர் அடிச்சா யாரைக் கேப்பாங்க? ஏன் இங்க உட்காரவே பிடிக்கலைன்னு அவங்களுக்கே தெரியாது. தலைவலின்னு மாத்திரை போட்டுக்கிட்டுக் கீழே இறங்கிடுவாங்க.

அப்பா: அடடா, மேடை போடட்டுமா? மைக் வேணுமா?

மகள்: மைக் வேணாம். ஏணி இருக்கு.

சித்தப்பா: ஏணி ஆடாம இருக்காம்மா? ஒரு கால் நொண்டி அதுக்கு.

மகள்: பிடிச்சிட்டிரு... பிடிச்சிட்டுத்தான் நிக்கறேன் சித்தப்பா.

அப்பா: டேய்! நீ யார் பக்கம்?

சித்தப்பா: நான் ஏணி பக்கம் அண்ணா... விழுந்துட்டா கஷ்டம்னு சொன்னேன்.

அப்பா: இங்க பாரு, நீ படிச்ச படிப்பு எனக்குத் தெரியாதா? நான்தானே படிக்க வெச்சேன். கீழே மூணு தளத்தையும் உன் கையில கொடுத்தேனா இல்லையா? நீ என்னென்ன சொன்னே? வெள்ளையும் சாம்பலும் போன தலைமுறைன்னே.

மகள்: ஆமா.

அப்பா: இனிமே கடைன்னா செங்கல் கலர், வெண்ணெய்க் கலர், இலைக் கலர்னே. சுவர், சீலிங், கதவு, ஜன்னல் சட்டம்... எல்லாத்தையும் ஒரே கலர்ல முக்கி எடுக்கறதுதான் இப்ப வர்ற பழக்கம்னே.

மகள்: ஆமாம்பா, சொன்னேன்.

அப்பா: நான் என்ன சொன்னேன்? ஏதாவது மறுத்துப் பேசினேனா?

மகள்: "சீலிங்குக்குமா?"ன்னு ஒரு வாரம் புலம்பினீங்க.

அப்பா: புலம்பினாலும் செஞ்சேன்ல! நேத்து நம்ம பெரிய சப்ளையர் வந்தார். கல்யாணத் துணி செக்‌ஷன்ல போய் உட்கார்ந்தவர் எழுந்திரிக்கவே இல்ல. "வீட்டுக்குள்ள வந்த மாதிரி இருக்கு சார்"னார். டீ ரெண்டு தடவை குடிச்சார். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? என் பொண்ணு போட்ட கலர்னு சொன்னேன்.

மகள்: சொன்னீங்களா?

அப்பா: சொன்னேன்டீ.

மகள்: எங்கிட்ட சொல்லலையே.

அப்பா: உங்கிட்ட எதுக்குச் சொல்லணும், உனக்குத்தான் தெரியுமே.

மகள்: சரி. அதே கலர் சமாச்சாரத்தைத்தான் இங்கயும் பண்றேன். சப்ளையர் உட்காரலாம், மேல இருக்கறவங்க உட்காரக் கூடாதா? பில்டிங் ஒண்ணுதானேப்பா. மாடி ஏறினா மனுஷக் கண்ணு மாறிடுமா?

அப்பா: கஸ்டமர் உட்கார்ந்தா வியாபாரம். இவங்க உட்கார்ந்தா நஷ்டம்.

மகள்: இருங்க, நல்ல வேளையா நீங்களே ஆரம்பிச்சீங்க. கவுண்டருக்குப் பின்னாடி ஆளுங்க உட்கார நான் வரைஞ்சு கொடுத்த ஸ்டூல் எல்லாம் எங்கே?

அப்பா: அது... கோடவுன்ல இருக்கும்.

மகள்: ஏன்?

அப்பா: கலர் திட்டத்துக்கு ஒத்து வரலைன்னு கன்சல்டன்ட் சொன்னார்.

மகள்: சுவர் என்ன கலரோ அதே கலர்லதானே அடிச்சுக் கொடுத்தேன்! பக்கத்துல போய் நின்னாக் கூட கண்ணுக்குத் தெரியாது.

அப்பா: அதான்டீ பிரச்னை! கண்ணுக்குத் தெரியாம உட்கார்ந்துடுவாங்க!

சித்தப்பா: க்கும்...

அப்பா: என்னடா சிரிப்பு?

சித்தப்பா: இருமல் அண்ணா. பெயிண்ட் வாசம்.

மகள்: இது வாசமே வராத பெயிண்ட், சித்தப்பா.

சித்தப்பா: அப்ப தூசியா இருக்கும்மா.

மகள்: சித்தப்பாவோட கால் வீக்கம் இப்ப எப்படி இருக்கு, கேட்டீங்களாப்பா? சாயங்காலம் ஆனா ஷூ கழட்ட முடியல அவரால. டாக்டர் இறுக்கமா சாக்ஸ் போடச் சொல்லியிருக்கார். ஓனரோட தம்பி. அவராலயே ஷோரூம்ல உட்கார முடியல.

அப்பா: அவன் நல்லாத்தானே இருக்கான்? டேய், நல்லாத்தானே இருக்கே?

சித்தப்பா: இருக்கேன் அண்ணா.

அப்பா: கேட்டியா? மேனேஜர் நின்னாத்தான் மத்தவன் நிப்பான். நானும் கவுண்டர்ல நின்னு நின்னு மேல வந்தவன்தான்.

மகள்: நின்னீங்க. இப்ப உட்கார்ந்தாச்சுல்ல? உங்க ரூம்ல இருக்கற சோபா கலர் என்ன சொல்லுங்க.

அப்பா: அது எதுக்கு இப்ப?

மகள்: காபிப் பொடி கலர். சுவரும் அதே. நான்தான் தேர்ந்தெடுத்தேன். மத்தியானம் அதுல சாய்ஞ்சா உங்களுக்குக் கண்ணு சொக்கும். எலுமிச்சை மஞ்சள் அடிச்சுத் தரட்டுமா? வேலை கூட நடக்கும்.

அப்பா: வாயை மூடு! டேய், நீ என்ன இங்கயே வேடிக்கை பார்த்துட்டு நிக்கறே? கீழே போ. ஆளுங்க எல்லாம் அவங்கவங்க இடத்துல நிக்கறாங்களான்னு பாரு. நான் இவளைப் பார்த்துக்கறேன்.

சித்தப்பா: போறேன் அண்ணா.

அப்பா: ... பாப்பா.

மகள்: பாப்பான்னு கூப்பிட்டா கதவு திறக்காது.

அப்பா: சித்தப்பன் போயிட்டான். நாம ரெண்டு பேர்தான். எதுக்குமா இந்த வீம்பு? ஒரு ரூம். அதுவும் கஸ்டமர் கண்ணுல படாத ரூம். எவனாவது போட்டோ எடுக்கப் போறானா? உன் பேர் வரப் போகுதா?

மகள்: வராதுப்பா. அதான் சொல்றேன். கண்ணுல படற இடத்துல எல்லாம் நல்லதா செஞ்சிட்டு, படாத இடத்துல இந்தக் காரியத்தைப் பண்ணினா நான் என்ன டிசைனர்? கேக்குக்கு மேல கிரீம் தடவறவ மாதிரி.

அப்பா: ரெண்டாவது கிளையும் உனக்குத்தான்னு நினைச்சு வெச்சிருந்தேன். இடம் பார்த்தாச்சு. மூலை மனை. ரெண்டு பக்கமும் கண்ணாடி. நீ கேட்டுக்கிட்டே இருந்தியே, முதல் செங்கல்லேருந்து உன் இஷ்டத்துக்கு ஒரு கடைன்னு.

மகள்: கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்.

அப்பா: இப்ப கதவைத் திறந்தா அது உனக்கு. திறக்கலைன்னா கோட்டுக்கு... சே, கன்சல்டன்ட்டுக்கு.

மகள்: பார்த்தீங்களா, உங்களுக்கும் கோட்டுதான் வாயில வருது.

அப்பா: பேச்சை மாத்தாதே. என்ன சொல்றே?

மகள்: ரெண்டு பக்கமும் கண்ணாடியா?

அப்பா: ரெண்டு பக்கமும்.

மகள்: வடக்குப் பார்த்ததா?

அப்பா: வடக்கேதான்.

மகள்: ஐயோ... நாள் முழுக்க ஒரே மாதிரி வெளிச்சம் வருமே. துணியோட நிஜக் கலர் அப்படியே தெரியும்.

அப்பா: அதான் சொல்றேன். திற.

மகள்: கோட்டுக்கே கொடுத்துடுங்கப்பா.

அப்பா: என்ன?

மகள்: கொடுத்துடுங்க. எனக்கு வேணாம். இந்த ரூம்ல மஞ்சள் அடிச்சிட்டு அந்த மூலை மனைக்கு நான் போனா, அங்கயும் மேல்மாடியில ஒரு மஞ்சள் ரூம் இருக்கும். அதுக்கு அடுத்த கடையிலயும் இருக்கும். நான் போட்ட முதல் கடையில அது இருக்கக் கூடாது. அந்த ஓரத்தை விட்டுட்டீங்க பாருங்க, இன்னும் கொஞ்சம் கீழே...

அப்பா: ஏய். யார்கிட்ட பேசறே?

மகள்: என்கிட்டயேதான்.

அப்பா: "விட்டுட்டீங்க"ன்னியே?

மகள்: நான் எனக்கே மரியாதை கொடுத்துத்தான் பேசுவேன். வேற யார் கொடுக்கறா?

அப்பா: பெயிண்டர் உள்ள இருக்கானா? உண்மையைச் சொல்லு.

மகள்: பெயிண்டரை நேத்தே நீங்க விரட்டிட்டீங்களே. "மஞ்சளைத் தவிர எதையும் தொட்டா பில் கிடையாது"ன்னு கத்தினதுல பாவம், கையில இருந்த பிரஷ்ஷைக் கூட விட்டுட்டு ஓடிட்டார்.

அப்பா: அப்ப நீ ஒருத்தியா இவ்வளவு பெரிய ரூமை அடிக்கறே?

மகள்: ஏன், எனக்குக் கை இல்லையா?

அப்பா: அடிச்சுக் கிழிச்சே. எவ்வளவு முடிஞ்சிருக்கு?

மகள்: சீலிங் முடிஞ்சுது. மூணு சுவர் முடிஞ்சுது. நாலாவது பாதி.

அப்பா: புளுகு! நான் துணி வித்தவன்தான், ஆனா இந்தக் கடைக்கு எத்தனை தடவை பெயிண்ட் அடிச்சிருக்கேன். ஒருத்தி ரோலர் பிடிச்சா ஒரு சுவருக்கே மத்தியானம் ஆகும். சும்மா ரெண்டு இழுப்பு இழுத்துட்டு என்னை மிரட்டறே. திற, அது மேலயே மஞ்சளை ஏத்திடலாம்.

மகள்: எந்த மஞ்சளை?

அப்பா: பக்கெட் பக்கெட்டா வந்து இறங்கியிருக்கே, அதை.

மகள்: அதுவா... அது இப்ப மஞ்சளா இல்லப்பா.

அப்பா: என்னது!

மகள்: நீலம் கொஞ்சம், கறுப்பு கொஞ்சம் கலந்தேன். எல்லா பக்கெட்டையும் ஒண்ணா ஊத்திக் கலக்கி, திரும்பப் பிரிச்சு ஊத்தினேன். அப்பதான் சுவருக்குச் சுவர் வித்தியாசம் வராது. அருமையான பச்சை. மரத்தடி நிழல் மாதிரி இருக்கு. உங்க காசு ஒரு சொட்டு கூட வீணாகலை.

அப்பா: என் மஞ்சளை... என் மஞ்சளை வெச்சே...

மகள்: மஞ்சளோட நீலம் சேர்ந்தா பச்சை. எல்.கே.ஜி.யில சேர்த்துவிட்டதும் நீங்கதானே.

அப்பா: பச்சையா? ஸ்டாஃப் ரூமுக்கு எதுக்குடீ இருட்டுப் பச்சை? இது என்ன குகையா?

மகள்: கீழே கல்யாணத் துணி கவுண்டர்ல நீங்க நின்னிருக்கீங்கல்ல? சிவப்பு மேல சிவப்பா விரிச்சுப் போடுவீங்க. மேலேருந்து அத்தனை லைட்டும் அது மேலயே அடிக்கும். அப்புறம் திரும்பி ஒரு வெள்ளைச் சுவரைப் பார்த்தா என்ன தெரியும்?

அப்பா: என்ன தெரியும்... சுவர் தெரியும்.

மகள்: யோசிச்சுச் சொல்லுங்க.

அப்பா: ... பச்சைப் பச்சையா ஏதோ மிதக்கும்.

மகள்: மிதக்கும்ல? கண்ணு சிவப்புல களைச்சுப் போயி தானே பச்சையைத் தேடும். ஆபரேஷன் பண்ற டாக்டருங்க ஏன் பச்சைத் துணி போடறாங்க? அதுக்குத்தான். இவங்களுக்கும் மேல வந்து உட்கார்ந்தா கண்ணு ஓயணும். சுவர் பச்சை, சீலிங் பச்சை, கதவோட உள்பக்கமும் பச்சை. எங்க திரும்பினாலும் அலட்டிக்காத ஒரு கலர். இதுக்குப் போய் நீங்க எலுமிச்சை மஞ்சள் அடிக்கச் சொல்றீங்க.

அப்பா: அப்ப எனக்கும் மிதந்துது. நான் செத்தா போயிட்டேன்?

மகள்: இல்லப்பா. அதை மறந்து போயிட்டீங்க. அது வேற.

அப்பா: என்ன சத்தம் அது? உள்ள யாரோ சிரிச்ச மாதிரி...

மகள்: ரேடியோ.

அப்பா: ரேடியோ பாடும். இது "ஷ்ஷ்"ங்குது.

மகள்: சிக்னல் சரியில்ல. மேல்மாடியில்ல?

சித்தப்பா: அண்ணா... அண்ணா... ஒரு நிமிஷம்... மூச்சு வாங்குது...

அப்பா: லிஃப்ட்ல வர வேண்டியதுதானே?

சித்தப்பா: லிஃப்ட் கஸ்டமருக்கு மட்டும்னு நீங்கதானே போர்டு மாட்டச் சொன்னீங்க.

அப்பா: நீயுமா படியில... சரி விடு. கீழே என்ன நிலவரம்?

சித்தப்பா: கூட்டம் ரோட்டைத் தாண்டிடுச்சு. செக்யூரிட்டி கயிறு கட்டிட்டார். கண்ணாடி வழியா எட்டிப் பார்த்து கலரைப் பத்தித்தான் எல்லாரும் பேசறாங்க. ஒரு அம்மா வெளியே நின்னே போட்டோ எடுக்கறாங்க.

அப்பா: பார்த்தியாடீ! நீ போட்ட கலரை ஊரே பார்த்துட்டு நிக்குது. நீ இங்க குகைக்குள்ள! ஆளுங்க ரெடியா?

சித்தப்பா: அது...

அப்பா: என்ன அது?

சித்தப்பா: கவுண்டர்ல யாரும் இல்லண்ணா.

அப்பா: யாரும் இல்லைன்னா? எந்த கவுண்டர்ல?

சித்தப்பா: எந்த கவுண்டர்லயும்.

அப்பா: விளையாடறியா? கேஷியர்?

சித்தப்பா: இல்ல.

அப்பா: பேக்கிங்?

சித்தப்பா: அங்கயும் இல்ல. ரிப்பன், பை எல்லாம் அடுக்கி வெச்சது வெச்ச மாதிரி இருக்கு.

அப்பா: ஸ்டாஃப் வேன் ரெண்டும் எங்கயாவது மாட்டிக்கிச்சா? டிராஃபிக்கா? இன்னிக்குப் பார்த்தா! டிரைவருக்கு போன் போடு.

சித்தப்பா: போட்டேன். எடுக்கலை.

அப்பா: திரும்பப் போடு! ஷட்டரைத் தூக்கினா யார் துணி எடுத்துக் காட்டறது? நீயும் நானுமா?

மகள்: உங்களுக்குப் பழக்கம்தானே. நின்னு நின்னு மேல வந்தவர்.

அப்பா: ஏய், எரியற நெருப்புல எண்ணெய் ஊத்தாதே! பாரு, கடைசியாச் சொல்றேன். நானும் கொஞ்சம் இறங்கி வர்றேன். மூணு சுவர் உன் பச்சை. ஒரே ஒரு சுவர் மஞ்சள். சாப்பிடற மேஜைக்கு எதிர்ல இருக்கற சுவர் மட்டும். உன் பேச்சும் நின்னுது, என் பேச்சும் நின்னுது. கதவைத் திற.

மகள்: சாப்பிடறவங்க கண்ணு எந்தச் சுவரைப் பார்க்குமோ அது மட்டும் உங்களுக்கு. பின்னந்தலைக்கு மூணு சுவர் எனக்கு. நல்ல பாகப்பிரிவினைப்பா.

அப்பா: அப்ப முடியாதுங்கறே.

மகள்: முடியாது.

அப்பா: டிசைனர் வேலை போச்சு, தெரியுதா? போர்டுலேருந்து பேரை எடுக்கறேன். வீட்டுலயும் சோறு கிடையாது.

மகள்: வீட்டுல சமைக்கறது அம்மா. அவங்ககிட்ட கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க.

அப்பா: அவளுக்கும் தெரியுமா இது?

மகள்: உங்களைத் தவிர எல்லாருக்கும் தெரியும்பா.

அப்பா: எல்லாருக்குமா? எல்லாருக்கும்னா யாரு யாருக்கு?

மகள்: ...

அப்பா: என்ன, ரேடியோ நின்னு போச்சா? சரி. கேட்டுப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். டேய், கார்பெண்டரைக் கூப்பிடு. பூட்டை உடைக்கச் சொல்லு.

சித்தப்பா: வேணாம் அண்ணா.

அப்பா: பாலிஷ் போனாப் போகுது. உடை.

சித்தப்பா: பாலிஷுக்காகச் சொல்லலை. நான் கூப்பிட மாட்டேன்.

அப்பா: என்ன சொன்னே?

சித்தப்பா: மாட்டேன்னேன்.

அப்பா: திரும்பச் சொல்லு. காது சரியாக் கேக்கலை.

சித்தப்பா: நல்லாத்தான் கேட்டுது உங்களுக்கு. மாட்டேன்.

அப்பா: உடம்பு சரியில்லையாடா உனக்கு? இத்தனை வருஷத்துல நான் சொல்லி ஒரு தடவை... ஒரே ஒரு தடவையாவது மாட்டேன்னிருக்கியா?

சித்தப்பா: இல்ல. அதான் எனக்கே கொஞ்சம் புதுசா இருக்கு.

மகள்: சித்தப்பா! இன்னும் அரைச் சுவர் பாக்கி. கொஞ்சம் பொறுத்துக்கங்க.

சித்தப்பா: நின்னது போதும்மா. கால் கேக்க மாட்டேங்குது.

அப்பா: என்னடா நடக்குது இங்க? ஆளாளுக்குப் பூடகமாப் பேசிக்கறீங்க! அப்ப அந்த மாத்துச் சாவி?

சித்தப்பா: பாக்கெட்லதான் இருக்கு. காலைலேருந்து தொடையில குத்திக்கிட்டே இருக்கு.

அப்பா: துரோகி! ரெண்டு பேரும் கூட்டா? பண்ணுங்க, பண்ணுங்க. என் கடை உங்க ரெண்டு பேரை நம்பி இல்லடா. ஆளுங்க வரட்டும். வேன் வந்து சேர்ந்ததும் அத்தனை பேரையும் கவுண்டர்ல நிறுத்திட்டு, உன்னையும் இவளையும் சேர்த்தே வெளியே தள்ளறேன். போனைக் கொடு இங்க, அந்த டிரைவரை நானே கேக்கறேன்... எங்க வந்துட்டிருக்குடா வேன்?

சித்தப்பா: வேன் ரெண்டும் விடியும்போதே வந்தாச்சுண்ணா. பின்வாசல் கதவைத் திறந்து, ஒருத்தர் விடாம நான்தான் மேல ஏத்திவிட்டேன். பாதிப் பேர் ரோலர் பிடிச்சாங்க, பாதிப் பேர் ஏணி பிடிச்சாங்க. இப்ப அத்தனை பேரும் இந்தக் கதவுக்குப் பின்னாடி உட்கார்ந்திருக்காங்க... கோடவுன்லேருந்து ஸ்டூல் எல்லாம் கவுண்டருக்குத் திரும்பி வந்தாத்தான் எழுந்திருப்பாங்களாம். கொஞ்சம் நகருங்க அண்ணா, எனக்கும் உள்ள ஒரு நாற்காலி போட்டு வெச்சிருக்காங்க.